லேப்ரடார் ஜோடித் தேர்வு: செம்பு ஜீன் இருந்தால் உணவால் சமாளித்துவிடலாமா?

#1 ஈத்துக்குறிப்பேடு

லேப்ரடார் பெட்டை, மூன்று வயது. அடுத்த மாதம் ஹீட் வரும். இது இரண்டாவது ஈத்து. சோதனை முடிவுகளை அப்படியே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பெட்டை: இஐசி (ஓடும்போது பின்கால் துவண்டு விழும் நோய்) கேரியர், அதாவது பழுதான ஜீன் ஒரு பிரதி மட்டும். பிஆர்சிடி (விழித்திரை தேய்ந்து பார்வை போவது) கிளியர், பழுது இல்லை. ஏடிபி7பி (கல்லீரலில் செம்பு சேர்வது) பழுது ஒரு பிரதி. ஏடிபி7ஏ பாதுகாப்பு மாற்றம் இல்லை. எக்ஸ்ரே கிரேடு (ஏ, 0 என்றால் மிக நல்லது): இடுப்பு ஏ, முழங்கை 0.

முதல் ஆண்: மேலே சொன்ன எல்லா ஜீனிலும் கிளியர். இடுப்பு பி, முழங்கை 0. ஆனால் இவனுடைய அப்பாதான் பெட்டைக்குத் தாத்தா. மேலே இன்னும் சில பொது முன்னோரும் உண்டு. பத்துத் தலைமுறைக் கணக்கில் குட்டிகளின் உட்கலப்பு எண் (உறவுக்குள் சேர்ப்பதன் அளவு) 14 சதவீதம்.

இரண்டாவது ஆண்: இஐசி கிளியர், பிஆர்சிடி கேரியர், ஏடிபி7பி ஒரு பிரதி. இடுப்பு ஏ, முழங்கை 0. உட்கலப்பு எண் 4 சதவீதம்.

மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. செம்பு குறைந்த தீவனம் கொடுத்தால் இரண்டு பிரதி வந்த குட்டியும் நல்லபடியாக இருக்கும் என்கிறார்கள். அதை நம்பி இறங்கலாமா?

#2 அல்லீல்

மூன்று ஜீனும் ஒரே தாளில் அச்சாகி வருவதால் மூன்றையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறோம். பிரித்துப் பாருங்கள்.

இஐசி ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதியும் இருந்தால்தான் நாய் சரியும். கேரியர் பெட்டையைக் கிளியர் ஆணோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டி கேரியர், பாதி கிளியர். நோயுள்ள குட்டி ஒன்றுகூட வராது. பிஆர்சிடியும் அப்படித்தான், இங்கே ஆண் கேரியர், பெட்டை கிளியர். இந்த இரண்டை வைத்து யாரையும் ஒதுக்க வேண்டாம்.

ஏடிபி7பி கதை வேறு. ஒரு பிரதி இருந்தாலே கல்லீரலில் செம்பு கூடும், இரண்டு இருந்தால் இன்னும் கூடும். அதனால் “கேரியர்தானே, அவனுக்கு ஒன்றும் ஆகாது” என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது. இரண்டாவது ஆணோடு சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு பிரதி வர நான்கில் ஒரு வாய்ப்பு. கேட்கும்போது சின்னதாகத் தெரியும். எட்டுக் குட்டி போட்டால் அதில் ஒன்றாவது இரண்டு பிரதியோடு பிறக்க 90 சதவீத வாய்ப்பு. 0.75-ஐ எட்டு முறை தன்னோடு தானே பெருக்குங்கள், 0.10 வரும். ஒரு குட்டிக்குக்கூட வராமல் தப்பிக்கும் வாய்ப்பு அவ்வளவுதான்.

ஏடிபி7ஏ பற்றி ஒரு வார்த்தை. அந்த மாற்றம் செம்பு சேர்வதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் நாயிடம் இருந்தால் அவனுடைய பெட்டைக்குட்டிகள் எல்லாவற்றுக்கும் போகும், ஆண்குட்டி ஒன்றுக்கும் போகாது. இரண்டாவது ஆணுக்கு அந்த முடிவை நீங்கள் போடவில்லை. கேட்டு வாங்குங்கள்.

#3 கால்நடை_மரு

இரண்டு பிரதி உள்ள எல்லா நாய்க்கும் கல்லீரல் கெடும் என்று சொல்ல மாட்டேன். உணவு, பாலினம், வேறு ஜீன்கள் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. ஆனால் வந்தால் சத்தமில்லாமல் வரும். லேப்ரடாரில் பெட்டைகளுக்குத்தான் அதிகம், பெரும்பாலும் நடுவயதில். முதலில் சாப்பாட்டில் நாட்டம் குறையும், அவ்வப்போது வாந்தி, தண்ணீர் அதிகம் குடிக்கும். கண்வெள்ளை மஞ்சளாகும்போது கல்லீரலில் பெரும்பகுதி போயிருக்கும்.

ரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் செல் கெடும்போது கசியும் நொதி) முதலில் ஏறும். அதனால் ஒரு பிரதி, இரண்டு பிரதி உள்ள நாய்களுக்கு வருடம் ஒருமுறையும், மூன்று வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்வேன். ஏஎல்டி சரியாக இருந்தால் செம்பு சேரவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அதை உறுதியாகச் சொல்வது கல்லீரல் துணுக்கு (பயாப்ஸி) ஒன்றுதான். உலர் எடையில் கிராமுக்கு 400 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் இயல்பு. 1000-ஐத் தாண்டினால் கெடுதலுக்குச் செம்பே காரணம் என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் தொடங்குவோம். மெல்லிய ஊசியில் எடுக்கும் துணுக்கு பல நேரம் செம்பு அளக்கப் போதாது. லேப்ராஸ்கோப் வழியாக எடுப்பது நல்லது.

செம்பு ஏறிய பிறகு உணவு மட்டும் இறக்காது. செம்பைப் பிடித்து வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்து கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஒரு நாளில் இருவேளை, வெறும் வயிற்றில், மாதக்கணக்கில். பல நாய்கள் வாந்தி எடுக்கும். “உணவால் சமாளிக்கலாம்” என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

#4 அளவுக்கரண்டி

டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் உணவுப் பக்கம் நான் எழுதுறேன். உணவு உதவும், ஆனா எப்போ, எவ்வளவுன்னு தெரியாம செஞ்சா குட்டிக்கே கேடு.

செம்பைக் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்னு பார்க்காதீங்க, கலோரிக்குப் பாருங்க. அமெரிக்கத் தீவனத் தர அமைப்பான ஆஃப்கோவோட அளவுப்படி வளர்ந்த நாய்க்குக் குறைஞ்சது 1000 கிலோ கலோரிக்கு 1.83 மி.கி. வளரும் குட்டிக்கும் சினைப் பெட்டைக்கும் 3.1 மி.கி. மேல் வரம்புன்னு ஆஃப்கோ ஒண்ணும் வைக்கல. ஐரோப்பியத் தீவனத் தயாரிப்பாளர் அமைப்பான ஃபெடியாஃப்ல மேல் வரம்பு உலர் எடைக் கணக்கில் கிலோவுக்கு 28 மி.கி.

ஒரு மூட்டையில் கிலோவுக்குச் செம்பு 16 மி.கி., ஆற்றல் 3800 கிலோ கலோரின்னு போட்டிருந்தா, 16-ஐ 3.8-ஆல் வகுங்க: 4.2. அதாவது வளர்ந்த நாய்க்குத் தேவையான குறைந்தபட்சத்தைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. நோய் வந்த நாய்க்குக் கொடுக்கிற கல்லீரல் தீவனத்தில் இது 1.2 பக்கமோ அதுக்குக் கீழேயோ இருக்கும். நோய் வராத, ஆனா ஜீன் இருக்கிற வளர்ந்த நாய்க்கு ரெண்டு பக்கம் வர்ற தீவனமாத் தேடினா போதும்.

இதில் எல்லாரும் வழுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. பல லேபிள்ல சேர்த்த செம்பு மட்டும்தான் அச்சாகும், மூலப்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது வராது. மொத்தச் செம்பு எவ்வளவுன்னு தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்க. பதில் வரலைன்னா அந்த மூட்டையை விட்டுருங்க.

அடுத்தது ஈரல். மாட்டு ஈரல் 100 கிராமில் செம்பு 9 முதல் 10 மி.கி. இருக்கும். ஆட்டு ஈரலும் அந்த வரிசைதான். கோழி ஈரல்ல அரை மில்லிகிராம்தான். 30 கிலோ நாய் ஒரு நாளைக்கு 1200 கிலோ கலோரி சாப்பிட்டா அதோட குறைந்தபட்சத் தேவை 2.2 மி.கி. பயிற்சிக்கு 25 கிராம் மாட்டு ஈரல் கொடுத்தா அதுவே 2.4. காய வெச்ச ஈரல் துண்டு இன்னும் மோசம், தண்ணி வத்திடுறதால அதே எடையில மூணு மடங்குக்கு மேல செம்பு. தீவனத்தை அரும்பாடுபட்டு மாத்திட்டு பாக்கெட்ல இதை வெச்சுக்கிட்டிருந்தா அந்தப் பாடு வீண். செம்புப் பாத்திரத்தில் தண்ணி வைக்கிறதையும் நிறுத்திடுங்க.

ரொம்ப முக்கியமானது: ரெண்டு பிரதின்னு தெரிஞ்ச உடனே எட்டு வாரக் குட்டிக்கு கல்லீரல் தீவனம் தொடங்காதீங்க. அதில் செம்பு மட்டும் இல்ல, புரதமும் வளர்ச்சிக்குப் பத்தாது. எலும்பு, ரத்தம், ரோமம் எல்லாத்துக்கும் செம்பு வேணும். வளர்ச்சி முடியிற வரைக்கும் குட்டித் தீவனம், அளவுக்கு மீறிச் செம்பு இல்லாததாப் பார்த்து. அதுக்கு அப்புறம்தான் குறைப்பு. சினையா இருக்கிற தாய்க்கும் இதே.

#5 மூன்றாம்_தலைமுறை

உணவுக் கணக்கு அருமை, அளவுக்கரண்டி. ஆனால் கேட்டவர் கேட்டது வேறு. பிறந்துவிட்ட நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது வளர்ப்பவரின் கேள்வி. பிறக்க வைக்கலாமா என்பது நம் கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னால் தவறு அங்கேதான் தொடங்கும்.

நல்ல தீவனம் கொடுத்து, ஏஎல்டி இயல்பாகவே வைத்திருந்த இரண்டு பிரதிப் பெட்டையை நினைத்துப் பாருங்கள். பார்வைக்கு அவளைவிட ஆரோக்கியமான நாய் கிடையாது. ஆனால் அவள் போடும் ஒவ்வொரு குட்டிக்கும் கட்டாயம் ஒரு பிரதி போகும். உணவு அவள் கல்லீரலைக் காப்பாற்றும், கருமுட்டையில் இருப்பதை மாற்றாது. “என் வரிசையில் யாருக்கும் கல்லீரல் நோய் வந்ததில்லை” என்பது ஜீன் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. நல்ல சமையலுக்குச் சான்றாக இருக்கலாம்.

இன்னொன்று. இரண்டு பிரதிக் குட்டியை வாங்குபவர் பன்னிரண்டு வருடம் லேபிள் படித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். அந்தப் பாரத்தை நாம் தெரிந்தே அவர் தலையில் ஏற்றுகிறோம். வேறு வழியே இல்லை என்றால் பேசலாம். வழி இருக்கும்போது ஏற்றக் கூடாது.

அதற்காக ஒரு பிரதி உள்ள நாய்களை எல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து தூக்கி எறியச் சொல்லவில்லை. பசென்ஜி இனத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ரத்தச் சிவப்பணு உடையும் பரம்பரைச் சோகைக்கு 1970-களில் கேரியர்களைக் கண்டுபிடித்து ஒட்டுமொத்தமாக விலக்கினார்கள். அந்த நோய் அடங்கியது. மிஞ்சிய சிறு கூட்டத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஃபான்கோனியும் விழித்திரை நோயும் தலைதூக்கின. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் சுவரையே மெலிய வைத்த கதை. ஒரு பிரதி உள்ள நல்ல நாயை வைத்துக்கொள்ளுங்கள். பிரதியே இல்லாத துணையோடு மட்டும் சேருங்கள். அடுத்த தலைமுறையில் அதன் நல்ல குணங்களோடு பிரதி இல்லாத குட்டியைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாமல் நடக்க வேண்டிய வேலை இது.

#6 ஈத்துக்குறிப்பேடு

நன்றி ஐயா. அப்படியானால் முதல் ஆணுக்குத்தான் திரும்ப வேண்டுமா? ஏடிபி7பி பிரதி இல்லை, மற்றதும் கிளியர். உறுத்துவது 14 சதவீதம் மட்டும்தான்.

#7 அல்லீல்

“மட்டும்தான்” என்று சொல்லக்கூடிய எண் இல்லை அது. தாய் வேறு, ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கையைச் சேர்த்தால் 12.5 சதவீதம். நீங்கள் அதையும் தாண்டி நிற்கிறீர்கள். கூடப்பிறந்தவர்களைச் சேர்த்தால் 25.

சோதனைத் தாளில் “கிளியர்” என்று இருப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த மாற்றங்களுக்கு மட்டும். ஒவ்வொரு நாயிடமும் இன்னும் சோதனையே கண்டுபிடிக்கப்படாத ஒடுங்கு கெடுதிகள் சில இருக்கும். ஒரே முன்னோரிடமிருந்து இரு பக்கமும் அதே பிரதி வந்து சேரும்போது அவை வெளியே வரும். கோல்டன் ரிட்ரீவர்களில் 2019-ல் வெளியான ஆய்வில், தாயின் சொந்த உட்கலப்பு எண் 10 சதவீதம் கூடும்போது ஈத்துக்குச் சராசரியாக ஒரு குட்டி குறைந்தது. இந்த ஈத்திலிருந்து ஒரு பெட்டையை நீங்கள் வைத்துக்கொண்டால் அந்த விலையை அவள் ஈத்தில் கொடுப்பீர்கள்.

ஐந்து தலைமுறைக் கணக்கை நம்ப வேண்டாம். முன்னோர் பட்டியல் எவ்வளவு குட்டையோ எண் அவ்வளவு அழகாகத் தெரியும். பத்துத் தலைமுறை போட்டது சரி.

#8 புள்ளிநாய்

செம்புப் பேச்சு போகிற திசை டால்மேஷியன் வளர்ப்பவர்களுக்கு நன்றாகப் பழக்கமானது. உணவால் சமாளிப்பது, ஜீனைத் திருத்துவது இரண்டையும் ஒரே இனத்தில் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டால்மேஷியனில் எஸ்எல்சி2ஏ9 ஜீனின் இரண்டு பிரதியும் பழுது. விதிவிலக்கு இல்லாமல் பழைய வரிசை முழுவதும் அப்படித்தான். யூரிக் அமிலம் கல்லீரல் செல்லுக்குள் சரியாகப் போகாது, சிறுநீரகமும் அதை மீட்டெடுக்காது. எல்லாம் சிறுநீரில் இறங்கும், சிலவற்றில் கல்லாகும். பெட்டைக்குச் சிறுநீர்ப் பாதை அகலம், சிறு கல் வெளியே வந்துவிடும். ஆணுக்கு ஆண்குறி எலும்பின் பின்புறம் வந்து அடைத்துக்கொள்ளும். முழுதாக அடைத்தால் ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். சாதாரண எக்ஸ்ரேயில் யூரேட் கல் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆண் நாய் சொட்டுச் சொட்டாக மூத்திரம் போனால் அதே இரவு மறுபடி கொண்டு போங்கள்.

உணவு: ஈரல், சிறுநீரகம், மத்தி, நெத்திலி, ஈஸ்ட் எதுவும் கூடாது. இறைச்சி குறைத்து முட்டை, பாலாடைக்கட்டி வழியாகப் புரதம். தீவனத்தில் தண்ணீர் ஊற்றிக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும். காலைச் சிறுநீரின் அடர்த்தி 1.020-க்குக் கீழே இருந்தால் தண்ணீர் போதும் என்று தெரியும். பிஹெச் 7 பக்கம் இருக்கட்டும், 7.5-க்கு மேல் தள்ளினால் வேறு வகைக் கல் வரும். கல் வந்த நாய்க்கு யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அல்லோபியூரினால் கொடுப்பார்கள். அதைக் கொடுத்துக்கொண்டே பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) நிறைந்த சாப்பாடும் போட்டால் யூரேட்டுக்குப் பதில் சாந்தின் கல் உருவாகும். மருந்தே கல்லைக் கொண்டுவரும் இடம் இது, நிறையப் பேர் கவனிப்பதில்லை.

இவ்வளவும் செய்து ஒவ்வொரு நாயாகக் காப்பாற்றலாம். ஜீன் அங்கேயே இருக்கும். 1973-ல் மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு டால்மேஷியனை ஒரே ஒரு பாயின்டரோடு (வேறொரு வேட்டை நாய் இனம்) சேர்த்தார். பிறகு தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளை டால்மேஷியனோடு சேர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு ஈத்திலும் யூரிக் அமிலம் குறைவாக உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்தார். நல்ல பிரதி ஒன்று இருந்தாலே போதும், சிறுநீர் இயல்பாகிவிடும். அந்த வரிசை நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் 2011-ல் பதிவுக்கு ஏற்றது. சோதனையும் துணைத் தேர்வும் செய்த வேலையை எந்தத் தட்டும் செய்திருக்காது. இன்று பழைய வரிசை நாயை இந்த வரிசையோடு சேர்த்தால் பாதிக் குட்டிக்காவது கல் பயம் இல்லை. குட்டி வாங்குபவரிடம் இதைச் சொல்லாமல் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

#9 ஈரமூக்கு

இடையில் ஒரு கேள்வி. இடுப்புக்கும் உணவு மாற்றம் தரும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் ஒல்லியாக வளர்த்த நாயின் “ஏ” கிரேடும் கொழுத்த நாயின் “பி” கிரேடும் ஒன்றா? இரண்டு ஆண்களை ஒப்பிட அது எப்படி உதவும்?

#10 அளவுக்கரண்டி

சரியான இடத்தில் பிடிச்சீங்க. பியூரினா தீவன நிறுவனம் செஞ்ச லேப்ரடார் ஆய்வுதான் இதுக்கு விடை. 48 நாய், ஒரே ஈத்துல பிறந்ததா ஜோடி சேர்த்து 24 ஜோடி. ஒண்ணு தின்னதைவிட மத்ததுக்குக் கால் பங்கு குறைச்சல், வாழ்நாள் முழுக்க. குறைச்சலா தின்னதுக்கு இடுப்புத் தேய்மானம் குறைவு, வந்ததும் தள்ளி வந்தது. நடு ஆயுள் 11.2-க்குப் பதிலா 13 வருஷம். 2002-ல வெளியாச்சு. ஒரே தாய் தகப்பன், இடுப்பு வேற வேற. அதனால படம் சொல்றது ஜீனும் தட்டும் சேர்ந்த கணக்கு.

லேப்ரடார்ல இன்னொரு சிக்கல், பிஓஎம்சி ஜீனில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும். கேம்பிரிட்ஜ் குழு 2016-ல சொன்னது. ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்கு ஒரு பிரதியாவது இருக்கு. வயிறு நிறைஞ்ச உணர்வே வராது, எப்பவும் பசி. அந்த நாய்க்கு “கேட்கும்போது போடு”ன்னா இடுப்பு போயிரும். கிராம் தராசுல நிறுத்துப் போடணும், பயிற்சித் துண்டையும் அந்தக் கணக்கில் கழிக்கணும்.

குட்டிக்கு ரெண்டு எண் போதும். 1000 கிலோ கலோரிக்குக் கால்சியம் 3 கிராமுக்குக் குறையாம, 4.5 கிராமுக்கு மேல போகாம. உடல் நிலை ஒன்பதுக்கு நாலு இல்ல அஞ்சு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாம, கை வெச்சா லேசா தட்டுப்படணும். வாரம் ஒரு தரம் எடை.

மேல கால்சியம் சேர்க்கவே கூடாது. ஆறு மாசம் வரைக்கும் குட்டியோட குடல் வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது, வந்ததை உள்ள விட்டுடும். கணக்கு பாருங்க: 1000-க்கு 3.5 கிராம் உள்ள தீவனம், குட்டி ஒரு நாளைக்கு 1200 கிலோ கலோரி சாப்பிடுது, அதில் 4.2 கிராம். மேல ஒரு டீஸ்பூன் கால்சியம் கார்பனேட் போட்டா இன்னும் 2 கிராம். மொத்தம் 6.2, அதாவது 1000-க்கு 5.2. ஒரே ஸ்பூன்ல வரம்பு உடைஞ்சு போச்சு. குருத்தெலும்பு எலும்பா மாறுறது தாமதமாகி முழங்கையிலயும் தோள்லயும் கோளாறு வரும். வெறும் இறைச்சி மட்டும் போட்டு வளர்த்தா அதுக்கு நேர் எதிர்: பாஸ்பரஸ் ஏகம், கால்சியம் இல்ல, எலும்பிலிருந்தே உருவி எடுத்து, குதிச்ச உடனே கால் ஒடியும்.

#11 கால்நடை_மரு

ஈரமூக்குக்கு: இடுப்பு பல ஜீன் சேர்ந்தது, ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த நாயின் கூடப்பிறந்தவை, தாய் தகப்பன், முந்தைய குட்டிகள் எல்லாவற்றின் கிரேடையும் கேளுங்கள். ஐந்து உடன்பிறப்பும் “ஏ” உள்ள “பி” நாய், உடன்பிறப்புகள் “சி”, “டி” என்று இருக்கும் “ஏ” நாயைவிடப் பாதுகாப்பு. படம் எடுத்தபோது எடை என்ன என்பதையும் கேளுங்கள்.

படத்தையே ஒருமுறை பாருங்கள். தொடை எலும்பு இரண்டும் இணையாக நீட்டி, முழங்கால் சில்லு நடுவில் இருக்க வேண்டும். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் தெரியும் இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகத் தெரிந்தால் நாய் சாய்ந்து படுத்திருக்கிறது. ஒரு பக்கம் நல்லதாகவும் மறுபக்கம் கெட்டதாகவும் காட்டும். மயக்கம் கொடுக்காமல் எடுத்த படத்தில் தசை இறுக்கம் தளர்ந்த மூட்டையும் இறுக்கிக் காட்டிவிடும். பெட்டைக்கு ஹீட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் படம் எடுக்காதீர்கள், மூட்டு தளர்ந்து தெரியும்.

#12 ஈரமூக்கு

நன்றி டாக்டர். இன்னொன்று: டோபர்மேனில் இதயம் விரியும் நோயோடு தொடர்புள்ள பிடிகே4, டைட்டின் ஜீன் இரண்டும் கிளியர் என்றால் ஹோல்ட்டர் (நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் கருவி) தேவையா?

#13 கால்நடை_மரு

தேவை. அந்த ஜீன்கள் இல்லாமலேயே இதயம் விரியும் டோபர்மேன்கள் உண்டு. மூன்று வயதிலிருந்து வருடந்தோறும் 24 மணி நேர ஹோல்ட்டரும் எக்கோவும். ஒரு நாளில் 300-க்கு மேல் கீழறைத் துடிப்புப் பிறழ்ந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்கிறோம். 50 முதல் 300 வரை என்றால் ஒரு வருடத்துக்குள் மறுபடி.

#14 மூன்றாம்_தலைமுறை

ஈத்துக்குறிப்பேடு, திரும்பவும் உங்கள் ஜோடிக்கு வருவோம். இரண்டாவது ஆணின் தாய் தகப்பனுக்கு ஏடிபி7பி என்ன?

#15 ஈத்துக்குறிப்பேடு

தாய் ஒரு பிரதி, தகப்பன் பிரதி இல்லை. இஐசி இருவரும் கிளியர். பிஆர்சிடி தாய் கேரியர், தகப்பன் கிளியர்.

#16 மூன்றாம்_தலைமுறை

அப்படியானால் அவனோடு கூடப்பிறந்த ஆண்களில் பாதிக்குப் பிரதி இருக்காது. முன்னோர் பட்டியல் அதே, ஆகவே அந்தக் கணக்கில் உட்கலப்பு எண்ணும் அதே 4 சதவீதம். எல்லோரும் பார்க்கும் பரிசு வாங்கிய நாயையே நீங்களும் பார்க்கிறீர்கள். வீட்டில் படுத்திருக்கும் தம்பியைப் பாருங்கள்.

#17 ஈத்துக்குறிப்பேடு

தம்பி ஒருவன் இருக்கிறான், 19 மாதம், பிற்பட்ட ஈத்து, அதே தாய் தகப்பன். உரிமையாளர் சோதனைக்குச் சம்மதித்துவிட்டார். கன்னத்து ஸ்வாப் அவர்களே எடுக்கிறார்கள். என்ன சொல்லி அனுப்பட்டும்?

#18 அல்லீல்

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழியட்டும். அதற்குள் எலும்போ பொம்மையோ வாயில் வேண்டாம், வேறு நாயோடு வாய் வைத்து விளையாடவும் விடக் கூடாது. உதட்டைத் தூக்கி, கன்னத்தின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் இடையே பிரஷ்ஷை அழுத்தி வைத்து 30 விநாடி உருட்ட வேண்டும். அடுத்த பிரஷ் மறு கன்னத்தில். நமக்கு வேண்டியது எச்சில் இல்லை, தோலிலிருந்து உரியும் செல். நனைந்து வந்த பிரஷ்ஷில் செல் இல்லாவிட்டால் “போதாது” என்று திரும்பும்.

எடுத்ததும் நுனி எதிலும் படாமல் காற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் காய வைத்து, காகித உறையில் போட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடினால் பூஞ்சை வந்து டிஎன்ஏ சிதையும். ஒரு நாயை முடித்து உறையில் பெயரும் மைக்ரோசிப் எண்ணும் எழுதி மூடிய பிறகுதான் அடுத்த நாயைத் தொட வேண்டும். மாறிப்போன உறைதான் நான் அதிகம் காணும் தவறு.

பின்னால் உங்கள் குட்டிகளுக்கு எடுக்கும்போது பால் குடித்த வாயில் எடுக்காதீர்கள், தாயின் செல் கலந்து வரும். தாயிடமிருந்து பிரித்து இரண்டு மணி நேரம் வைத்து எடுங்கள்.

தாய் தகப்பன் இருவரும் இஐசி கிளியர் என்பதால் தம்பிக்கு அதைக் கேட்கத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். அதையும் கேளுங்கள், கூடவே பெற்றோர் சரிபார்ப்பும். பெற்றோரை வைத்துக் கிளியர் என்பது, காகிதத்தில் உள்ள தகப்பன்தான் உண்மைத் தகப்பன் என்ற நம்பிக்கை. இருநூறு ஜீன் பட்டியலும் வாங்க வேண்டியதில்லை. லேப்ரடாரில் நிரூபணமானவை மட்டும் போதும். வேறு இனத்தில் கண்டுபிடித்த மாற்றம் இந்த இனத்தில் நோய் தராமலே இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து நல்ல நாயை ஒதுக்குவது நடக்கிறது. பிஆர்சிடி கிளியர் வந்தாலும் கண் பரிசோதனை வருடந்தோறும் வேண்டும். விழித்திரை தேய வேறு ஜீன்களும் உண்டு.

#19 ஈத்துக்குறிப்பேடு

தம்பியின் முடிவு வந்துவிட்டது. பெற்றோர் பொருந்துகிறார்கள். இஐசி கிளியர், பிஆர்சிடி கேரியர், ஏடிபி7பி பிரதி இல்லை. ஏடிபி7ஏ பாதுகாப்பு மாற்றம் இல்லை. கண் பரிசோதனை சுத்தம். இடுப்புப் படம் இன்னும் இல்லை.

#20 அல்லீல்

உங்கள் பெட்டையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் ஏடிபி7பி இரண்டு பிரதி வர வழியில்லை. பாதிக்கு ஒன்று, பாதிக்கு ஒன்றுமில்லை. இஐசி, பிஆர்சிடி இரண்டிலும் நோயுள்ள குட்டி வராது.

#21 கால்நடை_மரு

இடுப்புக்காகக் காத்திருங்கள். ஓஎஃப்ஏ (நாய்களின் மூட்டுப் படத்துக்குக் கிரேடு தரும் அமெரிக்க அமைப்பு) இறுதி கிரேடு 24 மாதத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் எடுப்பது முன்னோட்டம். அவசரமாகத் தெரிய வேண்டுமானால் பென்ஹிப் முறையில் மூட்டுத் தளர்ச்சியை இப்போதே அளக்கலாம். 0.30-க்குள் இருந்தால் நிம்மதி. ஆனாலும் இனப்பெருக்க முடிவுக்கு 24 மாதப் படத்தையும் முழங்கையையும் பார்த்துவிடுங்கள்.

#22 ஈத்துக்குறிப்பேடு

அடுத்த மாத ஹீட்டை விட்டுவிடுகிறேன். அதற்கடுத்தது வரும்போது அவனுக்கு 25 மாதம் ஆகியிருக்கும். படம் எடுக்கும் அன்று எடையையும் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். சினை உணவுக்கு ஏதாவது இப்போதே மாற்ற வேண்டுமா அக்கா?

#23 அளவுக்கரண்டி

இப்போ ஒண்ணும் வேணாம், மெலிஞ்ச உடம்பா வெச்சிருங்க, அது போதும். சேர்ந்த பிறகும் முதல் அஞ்சு வாரம் அதே அளவுதான். அதுக்கு அப்புறம் வாரா வாரம் கூட்டி, ஈனும்போது கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரைக்கும் அதிகம். பால் கொடுக்கிற மூணாவது வாரத்தில் ரெண்டு மூணு மடங்கு தின்னும், அப்போ தடுக்காதீங்க. சினைக்காலத்தில் கால்சியம் மாத்திரை கொடுக்கவே கூடாது. உடம்பு எலும்பிலிருந்து எடுக்கிற பழக்கத்தை விட்டுடும், பால் சுரக்கும்போது திடீர்னு ரத்தக் கால்சியம் இறங்கி வலிப்பு வரும்.

குட்டிகளோட ஏடிபி7பி முடிவை ஏழாவது வாரத்துக்குள்ள வாங்கிருங்க. ஒரு பிரதி வந்த குட்டியோட காகிதத்தில் மொத்தச் செம்பைக் கலோரிக்குக் கணக்கிடுற அந்த வகுத்தலையும், முதல் ஏஎல்டி எந்த மாசம் எடுக்கணும்னும் எழுதி ஒட்டிக் கொடுங்க.